தென்பெண்ணை முகத்துவாரம், கடலூர் கரை: பழைய ரெக்கார்டுங்க எங்கெங்க இருக்கு?

பாம்பாறு பொண்ணு (ஊத்தங்கரை) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எம்.ஏ. ஹிஸ்டரி முடிச்சிட்டு பிஎச்.டி.க்கு தலைப்பு தேடிக்கினு இருக்கேன். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப எங்க ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை, ரோட்டோரம் நின்ன வேன் காரெல்லாம் தண்ணியில உருண்டு போனதை நீங்களும் வீடியோல பாத்திருப்பீங்க. அந்தத் தண்ணி அத்தனையும் பாம்பாறு வழியா தென்பெண்ணையில விழுந்துச்சு, சாத்தனூர் அணையில 1,68,000 கன அடி திறந்து விட்டாங்க, அடுத்தது கடலூர்ல ஆத்தோரத்து நகருங்க பூரா மூழ்கிப் போச்சு. எங்க ஊரு தண்ணி அவங்க வீட்டுக்குள்ள போய் நிக்குதேன்னு அன்னிக்கு மனசு கேக்கவே இல்ல.

அப்ப இருந்து ஒரே கேள்விதான், இதே மாதிரி இதுக்கு முன்னாடி எப்பெப்ப நடந்திருக்கு, அந்த முகத்துவாரம் இருக்கற இடத்துலயே இருந்துச்சா நகந்துச்சா, துறைமுகம் எப்படி இருந்துச்சு, மீன் பிடிக்கறவங்க என்ன பண்ணாங்க, இதெல்லாம் யாராச்சும் எழுதி வச்சிருப்பாங்க இல்ல? அந்தப் பேப்பருங்க எங்க இருக்குன்னுதான் தெரியல. காலேஜ் லைப்ரரியில கேட்டா நம்ம பக்கம் நடுகல் அவ்ளோ இருக்கு அதைப் பண்ணும்மா, கடற்கரையை கடற்கரைக்காரங்க பாத்துக்குவாங்கன்னு சொல்றாங்க. நடுகல் மேல எனக்கும் மரியாதை உண்டு, ஆனா எனக்கு இதுதான் பண்ணணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

மொரப்பூர் ஜங்ஷன் எழுதியது:

தங்கச்சி, தலைப்பை விட்டுடாத. ஆறு உங்க ஊர் வழியா போகுது, அது முடியற இடத்தைப் பத்தி கேக்க உனக்கில்லாத உரிமை யாருக்கு இருக்கு. நான் ரெவின்யூ ரெக்கார்டுலயே வருஷக்கணக்கா புழங்கறவன், எனக்குத் தெரிஞ்சதை நீட்டாவே சொல்றேன், பொறுமையா படி.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்க. அந்தக் கரையோட பேப்பர் எதுவும் ஒரே இடத்துல இல்ல. எவன் எவன் ஆண்டானோ அவன் அவன் ஊருக்கு எடுத்துக்கினு போயிட்டான். டச்சுக்காரங்க தேவனாம்பட்டினத்துலயும் பரங்கிப்பேட்டையிலயும் வியாபாரம் பண்ணாங்க, அவங்க கடுதாசி எல்லாம் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துல, தி ஹேக் நகரத்துல இருக்கு. இங்கிலீஷ்காரன் 1690-ல மராத்தியர் கிட்ட இருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினான், பீரங்கியில சுட்டு குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் உனக்குன்னு பேச்சு, அதுதான் அப்புறம் செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல மெட்ராஸ் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனப்ப 1752 வரைக்கும் கிழக்கிந்திய கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம். அந்தக் கோட்டையோட ஆலோசனைக் குறிப்பு எழும்பூர்லயும் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியிலயும் கிடைக்கும். பிரெஞ்சுக்காரன் பேப்பர் பிரான்ஸ்ல எக்ஸ் நகரத்துல. இதைக் கேட்டு பயந்துடாத, இதுல பாதி இப்ப ஆன்லைன்ல வந்தாச்சு.

உனக்கு முக்கியமானது எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சாமல்பட்டியிலயோ மொரப்பூர்லயோ ரயில் ஏறினா சென்ட்ரல்ல இறங்கி பக்கத்துலதான். 1909-ல மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்னு ஆரம்பிச்சது. கைடு கிட்ட கையெழுத்து வாங்கின கடிதம், அடையாள அட்டை ரெண்டும் எடுத்துக்கினு போ. அங்க 1786-ல இருந்து போர்டு ஆஃப் ரெவின்யூ நடவடிக்கை வால்யூம் வால்யூமா இருக்கு, தென்னாற்காடு (கடலூர் அப்ப அந்த ஜில்லாதான்) கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு தனியா இருக்கு, மாவட்ட வாரியா கைடு புத்தகம் போட்டிருக்காங்க, அதை முதல்ல கேட்டு வாங்கு. இன்டெக்ஸ்ல வெள்ளம்னு தேடினா ஏமாந்து போவ, ஏன்னா அவனுக்கு வெள்ளம் ஒரு விஷயமே இல்ல, வரி வந்துச்சா இல்லையாங்கறதுதான் விஷயம். அதனால ஜமாபந்தி ரிப்போர்ட்டை, அதாவது வருஷா வருஷம் நிலவரிக் கணக்கை முடிக்கற ரிப்போர்ட்டைப் பிடி.

அது எப்படி இருக்கும்னு சொல்றேன். ஒவ்வொரு பசலிக்கும் (ஜூலையில ஆரம்பிக்கற வரி வருஷம்) கலெக்டர் ஒரு கடிதம் எழுதுவாரு. ஆரம்பத்துலயே பருவம் எப்படின்னு வரும், மழை முன்னாடியே வந்துச்சா தள்ளிப் போச்சா, ஏரி ரொம்புச்சா, எங்க கரை உடைஞ்சுது. அப்புறம் தாலுகா வாரியா வஜா கணக்கு, பயிர் காஞ்சு சாவியா போனதுக்கு எவ்ளோ தள்ளுபடி, தண்ணியில அழுகினதுக்கு எவ்ளோ, மணல் மூடிப் போன நிலம் எவ்ளோன்னு. மணல் மூடின நிலம்னு கடலூர் தாலுகாவுல திடீர்னு ஒரு வருஷம் ஏறிச்சுன்னா அந்த வருஷம் ஆறு கரை தாண்டியிருக்கான்னு நீ பாக்கணும், அதுதான் நீ பிடிச்சுக்கினு போக வேண்டிய நூல். பசலியோட 590 கூட்டினா இங்கிலீஷ் வருஷம் வரும், பசலி 1294-னா 1884 ஜூலையில ஆரம்பிக்கறது. இன்னிக்கும் உங்க தாலுகா ஆபீஸ்ல பசலி போட்டுத்தான எழுதறாங்க, ஃபெஞ்சல் வந்தது பசலி 1434, அதே கணக்குதான்.

அதே பசலிக்கு சேலம் கலெக்டர் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாரு. 1965 வரைக்கும் நாம சேலம் ஜில்லாதான், ஊத்தங்கரை தாலுகா கணக்கு அதுலதான் இருக்கும். மேல மழை, கீழ மணல், ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதிப் பாரு. நம்ம பக்கத்து ஆளுதான் இதைச் செய்யணும்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணமே இதுதான், கடலூர்ல உக்காந்து பாக்கறவங்களுக்கு மேல இருக்கற சேலம் ரெக்கார்டு கண்ணுலயே படாது.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

ஜங்ஷன் அண்ணா சொன்னதோட இன்னொரு இடத்தையும் சேத்துக்கோங்க, பெங்களூரு. தென்பெண்ணை நந்தி மலையில பொறந்து ஓசூர் பக்கமாத்தான் நம்ம மாவட்டத்துக்குள்ள வருது, அதுக்கு மேல எல்லாம் பழைய மைசூர் சமஸ்தானம், அந்த ஏரிங்க ரெக்கார்டு கர்நாடகா ஆவணக் காப்பகத்துல இருக்கு. கிருஷ்ணகிரியில இருந்து எழும்பூரை விட பெங்களூரு கிட்ட. 1892 மெட்ராஸ் மைசூர் ஆத்துத் தண்ணி ஒப்பந்தத்துல தென்பெண்ணையும் ஒரு ஆறு, அதுக்காக ரெண்டு சர்க்காரும் எழுதிக்கினது ஏராளம்.

மேல உடைஞ்சா கீழ என்ன ஆகும்ங்கறதுக்கு பாலாறு நல்ல உதாரணம், 1903 நவம்பர்ல மைசூர் பக்கத்து ஏரிங்க ஒண்ணு மேல ஒண்ணா உடைஞ்சு வாணியம்பாடியை அடிச்சிக்கினு போச்சு. காரணம் ஒரு சர்க்கார் ஃபைல்ல, சேதம் இன்னொரு சர்க்கார் ஃபைல்ல. ரெண்டையும் பாக்காதவங்க பாதிக்கதையைத்தான் எழுத முடியும்.

ஒகேனக்கல் சாரல் எழுதியது:

நான் ஹிஸ்டரி ஆளு இல்லைங்க, ஜியாகிரபி வாத்தியார், தர்மபுரி பக்கம். சுற்றுச்சூழல் பக்கத்துக்கு உள்ள ரெக்கார்டை நான் சொல்றேன்.

புயலுக்கு வானிலைத் துறையோட சைக்ளோன் ஈ அட்லஸ் இருக்கு, 1891-ல இருந்து வங்கக்கடல்ல வந்த ஒவ்வொரு புயலோட பாதையும் வரைஞ்சு வச்சிருக்காங்க. கடலூர் கிட்ட கரை தாண்டினதை மட்டும் பிரிச்சு எடுக்கலாம், 2011 டிசம்பர் 30 தானே புயல் வரைக்கும் அதுக்கு அப்புறமும் எல்லாம் வரும். அதுக்கு முந்தின காலத்துக்கு மெட்ராஸ் அப்சர்வேட்டரி குறிப்பு, 1796-ல இருந்து காத்து, வெப்பம், அழுத்தம்னு எழுதியிருக்காங்க. இன்னும் முன்னாடி போகணும்னா தரங்கம்பாடி மிஷனரிங்க. 1706-ல சீகன்பால்கு வந்து இறங்கினதுல இருந்து அவங்க நாட்குறிப்பு எல்லாம் ஜெர்மனியில ஹாலே நகரத்துக்குப் போய்ச்சு, அங்க பிராங்கே அறக்கட்டளையில பத்திரமா இருக்கு, அச்சான அறிக்கையை ஆன்லைன்லயே படிக்கலாம், என்ன ஒண்ணு ஜெர்மன்ல இருக்கும். 1730-ங்கள்லயே தரங்கம்பாடியில தெர்மாமீட்டர் வச்சு அளந்திருக்காங்க, இந்தியாவுல இவ்ளோ பழைய அளவு கிடைக்கறது ரொம்ப அபூர்வம். அப்புறம் கம்பெனி கப்பலுங்களோட லாக் புக், பிரிட்டிஷ் லைப்ரரியில. கப்பல் கடலூர் எதிர்ல நங்கூரம் போட்டு நின்னா அன்னிக்கு காத்து எந்தப் பக்கம், கடல் எப்படி, ஆழம் எவ்ளோன்னு எழுதியே ஆகணும்.

ஒரு பழைய பேப்பர் எவ்ளோ பெரிய வேலை செய்யும்ங்கறதுக்கு இதைப் பாருங்க. 1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார் கிட்ட பெரிய நிலநடுக்கம், கடல் எழும்பி வந்துச்சு. அப்ப வங்கக்கடலைச் சுத்தி 8 இடத்துல ஏத்த வத்தம் அளக்கற கருவி வச்சிருந்தாங்க, நம்ம பக்கம் மெட்ராஸ், நாகப்பட்டினம், பாம்பன். உருளையில சுத்தின தாள்ல பேனா கோடு போட்டுக்கினே இருக்கும், வழக்கமா மெதுவா ஏறி மெதுவா இறங்கற கோடு, அன்னிக்கு திடீர்னு பல்லு பல்லா ஆயிடுச்சு. அந்தக் கோட்டை வச்சு நிலநடுக்கம் எங்க எவ்ளோ பெருசா வந்துச்சுன்னு 2003-ல கணக்குப் போட்டு வெளியிட்டாங்க. அடுத்த வருஷம் 2004 டிசம்பர் 26. அந்தத் தாளை ஒரு 50 வருஷம் முன்னாடி ஊர் ஊரா எல்லாருக்கும் சொல்லியிருந்தா நம்ம கரையிலயும் இது வரும்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு. ரெக்கார்டு வச்சிருந்தா மட்டும் போதாதுங்க.

கரை நகந்ததைப் பாக்க லேண்ட்சாட் சாட்டிலைட் படம் 1972-ல இருந்து ஃப்ரீ. அமெரிக்காவோட கொரோனா உளவு சாட்டிலைட் படம் 1960-ங்கள்ல எடுத்தது, இப்ப பொதுவுல இருக்கு, சாத்தனூர் அணை கட்டின கொஞ்ச வருஷத்துல முகத்துவாரம் எப்படி இருந்துச்சுன்னு அதுல தேடிப் பாக்கலாம். தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரைக்கும் இந்தியா முழுக்க கரை அரிப்பை அளந்து 2018-ல போட்டிருக்கு. மீன் பத்தின்னா கொச்சியில இருக்கற சி.எம்.எப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்), அவங்க வெளியீடு அத்தனையும் நெட்ல வச்சிருக்காங்க. பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் வெள்ளாத்து முகத்துவாரத்தையே பல வருஷமா படிச்சிக்கினு இருக்கு, பழைய தீசிஸ் எல்லாம் அங்க. உங்க ஆறு இல்லன்னாலும் பக்கத்து ஆறு, ஒப்பிட உதவும்.

பாம்பாறு பொண்ணு எழுதியது:

இவ்ளோ எதிர்பாக்கலைங்க, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, 1800-ஓட கையெழுத்து இங்கிலீஷ் என்னால படிக்க முடியுமான்னு பயமா இருக்கு. ரெண்டாவது, கலெக்டர், கேப்டன், பாதிரியார், எல்லாமே வெளியில இருந்து வந்தவன் எழுதினதாவே இருக்கே, அந்தக் கரையில பொறந்து வளந்தவங்க பேச்சு எதுலயாவது இருக்குங்களா?

கடலூருக்கு வாக்கப்பட்டவ எழுதியது:

பொண்ணே, நான் பொறந்தது காவேரிப்பட்டணம், தென்பெண்ணைக் கரை. வாக்கப்பட்டது தேவனாம்பட்டினம், அதே ஆறு முடியற பக்கம். உன் ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

இங்க மீனவர் ஊருக்கு ஊர் பஞ்சாயத்து உண்டு, நாட்டார்னு பெரியவங்க இருப்பாங்க. தலைக்கட்டு வரி, ஏலம், சண்டை வந்தா தீர்ப்பு, எல்லாம் நோட்டுல எழுதுவாங்க. எந்த வருஷம் ஆத்து வாய் அடைஞ்சு மீன்பிடி போட்டு வெளிய போக முடியல, யாரு காசு போட்டு மணல் வெட்டினாங்கன்னு கூட அதுல பாக்கலாம். எந்த லைப்ரரியிலயும் அது கிடையாது, யாரோ ஒருத்தர் வீட்டு பெட்டியில இருக்கும். எங்க மாமனார் வீட்ல இருந்த நோட்டும் பத்திரமும் சுனாமியில போச்சு, திரும்ப எழுதவும் ஆளு இல்ல. மிச்சம் இருக்கறதையாவது யாராச்சும் போட்டோ எடுத்து வைக்கணும்னு நான் சொல்லாத ஆளு இல்ல.

பெரியவங்க கிட்ட உக்காந்து பேசினா கடல் பத்தி அவங்க கணக்கு தனி. வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு காத்தை வச்சுத்தான் வருஷத்தையே பிரிப்பாங்க. எந்தக் காத்துல மணல் வடக்கே போகும் எப்ப வாய் தொறக்கும்னு சொல்லுவாங்க. ஆனா நேரா போய் வெள்ளம் எப்ப வந்துச்சுன்னு கேட்டா வருஷம் சொல்ல மாட்டாங்க. யார் கல்யாணத்துக்கு முன்னாடி, எந்த போட்டு வாங்கின வருஷம்னு கேளு, அப்ப துல்லியமா வரும். மீன் விக்கற பொம்பளைங்களையும் கேளு, எந்த மீன் எப்ப இருந்து வர்றது நின்னு போச்சுன்னு அவங்க கூடைக்குத்தான் தெரியும். காலையில வராத, ஏலம் நடக்கற நேரம், ஒருத்தரும் பேச மாட்டாங்க. சாயங்காலம் வா. வெறுமனே எழுதிக்கினு போயிடாம எழுதினதைக் கொண்டு வந்து அவங்களுக்குப் படிச்சுக் காட்டு.

மொரப்பூர் ஜங்ஷன் எழுதியது:

அக்கா சொன்னதைத்தான் நானும் நெனச்சேன். கூட ரெண்டு தமிழ் சரக்கு சொல்றேன். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, 1736-ல இருந்து 1761 வரைக்கும், புதுச்சேரியில உக்காந்து கப்பல், காத்து, தானிய விலை, சண்டை எல்லாம் தமிழ்ல எழுதினாரு. கடலூரும் செயின்ட் டேவிட் கோட்டையும் அவருக்குப் பக்கத்து ஊரு, அடிக்கடி வரும். ரெண்டாவது தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். புயல் வெள்ளம் வந்தா அந்தக் காலத்துல உடனே சிந்து, கும்மின்னு பாட்டு கட்டி சின்னச் சின்ன புத்தகமா அச்சடிச்சு சந்தையில பாடி விப்பாங்க. கலெக்டர் எழுதாத தெருப் பேரும் ஆள் பேரும் அதுல இருக்கும். உன் ஆத்து மேல பாட்டு இருக்கான்னு கேட்லாக்ல தேடு. புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டும் கிராமத்து வீடுகள்ல கிடந்த ஓலை, பத்திரமெல்லாம் டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, பிச்சாவரம் சுரபுன்னைக் காடு பத்தின வேலையும் அங்க உண்டு. ஊத்தங்கரையில பெங்களூரு பாண்டிச்சேரி பஸ் ஏறினா நேரா போயிடலாம்.

கையெழுத்துக்கு பயப்படாத. முதல்ல அச்சான கெசட்டியரைப் படி, ஜில்லாவைப் பத்தி சர்க்கார் போட்ட விவரப் புத்தகம், தென்னாற்காடுக்கு கார்ஸ்டின் மேனுவல் 1878, பிரான்சிஸ் கெசட்டியர் 1906, சேலத்துக்கு லெ பானு 1883, ரிச்சர்ட்ஸ் 1918. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட டிஜிட்டல் லைப்ரரியில தேடிப் பாரு. 1792-ல திப்பு கிட்ட இருந்து நம்ம பக்கம் கம்பெனிக்கு வந்ததும் கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் எழுதின பாராமஹால் (நம்ம பக்கத்துக்கு அப்ப அதான் பேரு) ரெக்கார்ட்ஸ் அச்சாவே இருக்கு, ஏரி, பயிர், ஜனங்கன்னு பகுதி பகுதியா. அதே வார்த்தைங்கதான் கையெழுத்துலயும் திரும்பத் திரும்ப வரும், கண்ணு தானா பழகிடும். ஊர்ப்பேரை அவன் வாய்க்கு வந்தபடி எழுதியிருப்பான், எல்லா மாதிரியும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கினு தேடு. டச்சு கையெழுத்தை இப்ப கம்ப்யூட்டரே படிச்சு குளோபலைஸ்னு ஒரு திட்டத்துல லட்சக்கணக்கான பக்கத்தைத் தேடற மாதிரி போட்டிருக்காங்க, தேவனாம்பட்டினம் பேரைப் போட்டு பாரு.

இன்னொண்ணு, பரங்கிப்பேட்டை இரும்பாலை. 1830-ல ஹீத்னு ஒருத்தரு, சேலத்துல கம்பெனி உத்தியோகம் பாத்தவரு, கடற்கரையில உலை போட்டாரு. இரும்புக் கல்லு சேலத்துல இருந்து, எரிக்கறதுக்கு மரக்கரி காட்டுல இருந்து. கடற்கரை ஆலைக்காக மலைக்காடு வெட்டுப்பட்டுது, அந்தக் கடிதமெல்லாம் ரெவின்யூ ரெக்கார்டுல கிடக்கு. காடு போனா ஆத்துல மணல் என்ன ஆச்சுன்னு யாராச்சும் கேக்கணும்.

பாம்பாறு பொண்ணு எழுதியது:

அக்கா, பொங்கலுக்கு அப்புறம் சாயங்காலமா வரேன், படிச்சும் காட்டறேன், இது சத்தியம். அண்ணா, நான் இப்படிச் சுருக்கிக்கலாம்னு பாக்கறேன், சாத்தனூர் அணை வர்றதுக்கு முன்னாடி 1850 முதல் 1958 வரைக்கும், ஊத்தங்கரை தாலுகாவும் கடலூர் தாலுகாவும் மட்டும், ஜமாபந்தி ரெண்டு பக்கமும். காடு, இரும்பாலை எல்லாம் ஆசையாத்தான் இருக்கு, ஆனா அதுவே தனி தீசிஸ் ஆயிடும் போல.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

நல்லா இருக்கும்மா. ஆனா ரெண்டு தாலுகாவுக்கும் நடுவுல திருக்கோவிலூர் இருக்கு, அங்க அணைக்கட்டு உண்டு, பொதுப்பணித்துறை தண்ணி மட்டம் எழுதி வச்சிருப்பாங்க, அதை விட்டா உன் கணக்கு நடுவுல அறுந்து போகும். கிருஷ்ணகிரி அணையும் அதே 1950-ங்கள்லதான் வந்துச்சு, அதனால 1958-ன்னு நிறுத்தறப்ப அந்த ரெண்டு அணையையும் சேத்து ஒரு அத்தியாயம் வச்சிரு.